பத்தாத வெளிச்சம்

மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் நாச்சிமுத்து மறுபடியும் மீன் தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் மீன் தொட்டிச் சாமான் விற்கிற ஜெபராஜ் மீட்டரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். தண்ணீருக்குள் விட்டால் எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அந்த மீட்டர் சொல்லிவிடும். பத்தவில்லை என்று சொல்லிவிட்டால் கவலை விட்டது, இன்னும் இரண்டு விளக்கு வாங்கி மாட்டினால் தீர்ந்தது கதை. பத்தும் என்று சொல்லிவிட்டால்? அந்த இடத்தில் வந்து நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. பத்தும் என்றால் எட்டடித் தொட்டியும் அதன் மேல் தொங்குகிற நாலு எல்.இ.டி. விளக்கும் சரியாகத்தான் இருக்கின்றன, சரியில்லாத சாமான் தொட்டிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியெல்லாம் சொல்லாது. ஏன் சொல்லப் போகிறது? பின்பக்கத்துப் பாறை ஒன்றுகூட விளங்கவில்லையே, இருட்டில் போர்வை தொங்கவிட்ட மாதிரி இருக்கிறதே. வாங்கின புதிதில் அந்தப் பாறையின் பொந்துகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். இடது மூலைப் பொந்தில் ஒரு இறால் இருந்தது, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டது, பார்த்து வெகுநாளாகிறது. செத்திருக்கும். செத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது உயிரோடு அங்கேயே மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் அது இன்னும் மோசம்.

திருப்பூரில் கடல் வளர்க்கிற ஆள் என்று ஊருக்குள் அவருக்குப் பேர். பட்டறையில் மூட்டை மூட்டையாக உப்புக் கரைக்கிறது போதாதென்று வீட்டிலும் கரைக்கிறார் என்று சம்பந்தி கேலி செய்வார். செய்யட்டும். சாயப்பட்டறை வைத்திருப்பவனுக்கு நாள் முழுக்க நிறத்தைத் துணியில் ஏற்றுவதுதான் பிழைப்பு. ஏற்றாமல் தானாக ஒரு நிறம் உயிரோடு அசைவதைப் பார்க்க ஆசை இருக்காதா? வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்து ரசீதும் அனுமதியுமாக வந்த பவளங்கள். மேல் பாறையில் கொம்புப் பவளம், நடுவில் மெத்து மெத்தென்று ஆடுகிற விரல் பவளம், அடியில் மணலை ஒட்டிக் காளான் பவளம். மூன்றுக்கும் மூன்று விதமாக வெளிச்சம் வேண்டும். கொம்புக்கு உச்சி வெயில் மாதிரி, விரலுக்குக் காலை வெயில் மாதிரி, காளானுக்கு மரத்தடி நிழல். முன்பு ட்யூப்பும் பெரிய மெட்டல் ஹாலைடு பல்பும் எரிந்தபோது இந்தக் கவலையே இல்லை, பல்பு சூட்டில் தண்ணீர் கொதிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எல்.இ.டி.க்கு மாறின பிறகுதான் தலைவலி. குவித்து அடிக்கிற லென்ஸ் விளக்கா, பரப்பி விழுகிற பேனலா? லென்ஸ் என்றால் ஆழம் வரை இறங்கும், அலை நிழல் மணலில் ஓடும், பார்க்க நிஜக் கடல் மாதிரியே இருக்கும். ஆனால் நேர் கீழே இருப்பதைக் கருக்கும், பக்கத்துக் கிளைக்கு நிழல். பேனல் என்றால் எல்லாவற்றுக்கும் சமமாக விழும், ஆனால் இரண்டரை அடி ஆழத்துக்கு இறங்குமா? தண்ணீருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது? ஒரு சாண் ஏற்றினால் பரவும், பலம் குறையும். இறக்கினால் பலம் கூடும், ஓரம் இருட்டாகும். ஓரம். அந்தச் சொல்லிலிருந்து மனசைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். முதலில் பேனல் இரண்டு போட்டார். பத்தவில்லை. லென்ஸ் விளக்கு ஒன்று சேர்த்தார். பத்தவில்லை. இன்னொன்று சேர்த்தார். போனில் விரலை வைத்து இழுத்தால் வெளிச்சம் கூடும். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்து இப்போது எல்லாமே உச்சியில் எரிகிறது. இதற்கு மேல் இழுக்க இடமில்லை.

“நீலம் நம்ம கண்ணுக்கு மங்கலாத்தான் சார் தெரியும். பவளத்துக்கு அதுதான் சாப்பாடு. கண்ண நம்பி ஏத்தாதீங்க” என்று ஜெபராஜ் ஆரம்பத்திலேயே சொன்னான். அவருக்குச் சுருக்கென்றது. நீலத்தைப் பற்றி யார் யாருக்குச் சொல்வது? முப்பது வருஷமாக ராயல் ப்ளூ, டர்காய்ஸ், நேவி, இங்க் ப்ளூ என்று நீலத்திலேயே குளித்து எழுந்தவர். மெஷின் சொல்வதற்கு முன்னால் அவர் கண் சொல்லிவிடும், இதில் சிவப்பு ஒரு துளி தூக்கலாக இருக்கிறது என்று. லேப்பில் நிறம் அளக்கிற அந்தப் பெரிய மெஷின் வந்து இறங்கினபோது கூட, அண்ணன் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் மெஷினில் வைக்கலாம் என்றுதான் பட்டறை ஆட்களின் வழக்கம். அந்த நாச்சிமுத்துவிடம் கோயம்புத்தூரிலிருந்து வந்த மீன்கடைக்காரன் கண்ணை நம்பாதே என்கிறான். நல்ல கூத்து. ஜெபராஜ் நல்லவன்தான், விளக்கு விற்கிறவனே விளக்கு வாங்காதீர்கள் என்று சொல்கிறான் என்றால் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும். மீட்டர் கொச்சியில் ஒருவரிடம் மாட்டிக்கொண்டது, அது வரட்டும், அளந்து பார்த்துவிட்டு மேலே வாங்கலாம் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டவனும் அவன்தான். வந்துவிட்டதாம். காலையில் போன் பண்ணினான். “சாயங்காலம் வர்றேன் சார், இன்னைக்கு முடிவு பண்ணிரலாம்” என்றான். முடிவு பண்ணிவிடலாம் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து பட்டறையில் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட வந்தவர் திரும்பிப் போகவில்லை.

மேல் பாறையில் கொம்புப் பவளத்தின் நுனிகள் வெள்ளையாக இருந்தன. இது ஒன்றுதான் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது, நேர் எதிரே இருந்ததால். நுனி வெள்ளை என்றால் நல்லது, வளர்கிறது. புதுச் சதைக்கு இன்னும் நிறம் ஏறவில்லை, அவ்வளவுதான். ஆனால் வெளிச்சம் அதிகமானாலும் வெளுக்கும். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, அது வெளிச்சத்தில் சமைத்துப் போடுகிற சோற்றைத்தான் பவளம் தின்கிறது. வெளிச்சம் குறைந்தால் பாசி பெருகிப் பவளம் காப்பிப்பொடி நிறத்துக்குப் போகும். கூடிப்போனால் பாசி தாங்காமல் விஷமாகும், பவளம் அதைத் துப்பிவிட்டு வெறும் வெள்ளையாக நிற்கும், அப்படியே பட்டினியில் சாகும். ஆகவே பழுப்பா வெள்ளையா என்பதுதான் கேள்வி. பழுப்பானால் விளக்கு குற்றவாளி. வெள்ளையானால் நான். இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் கிடையாது, ஒரு பார்வை போதும், ஆனால் பார்க்க வேண்டியது இந்தக் கண்ணாக இருக்கிறதே. வெள்ளை நுனியில் மட்டும் நிற்கிறதா, தண்டில் கீழே இறங்கியிருக்கிறதா? நுனியில் மட்டும்தான். அப்படித்தான் தெரிகிறது. தண்டு என்ன நிறம்? பச்சை. வாங்கும்போது பச்சை, இப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். இருக்கும் என்பது பார்த்துச் சொல்வதா, நினைத்துச் சொல்வதா? மூக்கு கண்ணாடியில் இடிக்கும்வரை குனிந்தார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்தார். மறுபடி மங்கியது.

“ஏனுங் மாமா, தொட்டிக்குள்ளயே போயிருவீங்களாட்ட இருக்குது.” மனைவி வசந்தாமணி காப்பி டம்ளரோடு வந்து நின்றாள். “பட்டறைக்குப் போகலீங்களா?”

“ஜெபராஜ் வர்றான்.”

“அவரு வர இன்னும் நேரமிருக்குதுங்களே.” டம்ளரை நீட்டினாள். அவர் கை நீட்டினார், டம்ளருக்கு ஒரு விரல்கடை தள்ளிப் போய் நின்றது கை. அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை, டம்ளரைக் கொண்டுவந்து கைக்குள் வைத்தாள். “விளக்கு வேண்டாங்க. இப்பவே இந்தப் பக்கம் நடந்தா எனக்குக் கண்ணு கூசுது. நேத்து பால்காரரு என்னங்கக்கா வீட்டுக்குள்ள வெல்டிங் பண்றீங்களான்னு கேக்கறாரு.”

“உனக்குக் கூசும். உனக்கு எல்லாமே கூசும்.”

“எனக்கு மட்டுமா கூசுது? சமையக்கட்டுல நீங்க மாத்துன லைட்டுல அரிசியில கல்லு பொறுக்கறதுக்குப் பதிலா முத்துப் பொறுக்கலாம். நம்ம வீடு நகைக்கடையாட்ட ஆயிப் போச்சுங்க” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவருக்கும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது. வாய் கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை. உண்மைதான், வீட்டில் அவர் மாற்றாத விளக்கு இல்லை. முதலில் மாடிப்படி பல்பு. ஒருநாள் கடைசிப் படி இல்லை என்று நினைத்துக் கால் வைத்து விழப் பார்த்தார், பல்பு மட்டம் என்று திட்டி மறுநாளே மாற்றினார். அப்புறம் சமையலறை, பூஜை அறை, குளியலறை. காரின் முன் விளக்கு, அதுவும் பத்தவில்லை, எதிரே வருகிறவன் விளக்கு மட்டும் ஊசியாய்க் குத்துகிறது, அதனால்தான் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறார், வயசாகிவிட்டது, வீட்டில் இருக்கலாமே என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எந்த நியாயத்திலும் ஓட்டை இல்லை. வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தால்தான் பகீரென்கிறது, அதனால் அவர் வரிசையாக நிற்கவைப்பதில்லை. இன்றைக்கு அவள் வாயில் தொட்டி, சமையலறை என்று இரண்டு ஒன்றாக வந்துவிட்டன. காப்பி ஆறிப்போயிருந்தது. எவ்வளவு நேரமாகக் கையில் வைத்திருந்தோம் என்று தெரியவில்லை.

உடன்பிறந்த சென்னியப்பன் அண்ணனும் இப்படித்தான். இல்லை, அண்ணனும் இப்படி இல்லை, அது வேறு. அண்ணன் கரண்ட்டைத் திட்டினார். “கரண்டு பத்தலடா நாச்சி, லைட்டு எரியுதா அணையுதான்னே தெரியல, கம்பத்துல இருந்தே திருடறானுக” என்று அவிநாசி வீட்டில் ஸ்டெபிலைசர் மேல் ஸ்டெபிலைசராக வாங்கி மாட்டினார். லைன்மேனை வழியில் நிறுத்தி வைத்துச் சண்டை போட்டார். வீட்டிலிருந்த எல்லோரும் ஆமாங்க, வோல்டேஜ் கம்மிதானுங்க என்று ஒத்துப் பாடினார்கள், அவருடைய கோபத்துக்குப் பயந்து. நாச்சிமுத்துவும் பாடினார். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலையில் கை வைத்து அண்ணன் சாப்பிட ஆரம்பித்தபோதுதான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனது நாச்சிமுத்துதான். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்விட்டது என்றார் டாக்டர். ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருமாம், வலிக்காதாம், நடுவில் வந்து சேரும்வரை ஆளுக்கே தெரியாதாம். போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றலாம், ஆனால் உங்கள் அண்ணனுக்குக் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை என்றார். அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே, “கூடப் பொறந்தவங்க எல்லாரும் வருஷத்துக்கு ஒருவாட்டி காட்டிக்கணும்” என்றார். சரிங்க டாக்டர் என்று சொல்லி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார் நாச்சிமுத்து. காட்டிக்கொள்ளவில்லை. முதல் வருஷம் பட்டறையில் வேலை, அடுத்த வருஷம் மகள் கல்யாணம். அப்புறம் பயம். அப்புறம் முழுக்கப் பயம் மட்டும்தான். அண்ணன் இப்போது திண்டில் சாய்ந்து டிவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். போனால் செருப்புச் சத்தத்தை வைத்து, நாச்சியா, வா என்கிறார். முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசுகிறார், ஆனால் நாம் நாற்காலி மாறி உட்கார்ந்த பிறகும் பழைய நாற்காலியோடேயே பேசிக்கொண்டிருக்கிறார். அதற்குத்தான் அவிநாசிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார் நாச்சிமுத்து. அண்ணனுக்கு வேலை இருப்பதில்லை, எனக்கு இருக்கிறதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்.

ஆனால் அண்ணனுக்குக் கலர் தெரியாது, எனக்குத் தெரியும், கலர் தெரிகிற கண்ணுக்கு ஒன்றும் வராது என்று மனசுக்கு ஒரு முட்டுக் கொடுத்துப் பார்த்தார். அந்த முட்டும் போன மாதம் ஆட்டம் கண்டுவிட்டது. லேப்பில் வெளிச்சப் பெட்டிக்குள் துணியை வைத்து ஷேடு பார்க்கும்போது, “கறுப்பு ஓகே, மெஷின்ல ஏத்திரு” என்றார். லேப் மாஸ்டர் அசையவில்லை. “அண்ணா, இது நேவிங்க” என்றான் மெதுவாக, பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்காதபடி. அவர் துணியை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். ஜன்னலிலும் கறுப்பு. இரண்டு விரலால் கசக்கினார், ஏதோ கசக்கினால் நீலம் வெளியே வந்துவிடும் என்கிற மாதிரி. “பெட்டியில ட்யூப் பழசாயிருச்சு, மாத்தச் சொன்னேனல்ல?” என்று கத்தினார். ட்யூப் மாற்றி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது என்பது மாஸ்டருக்கும் தெரியும். மாத்திடறனுங்கண்ணா என்றான். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. எதிர்த்துப் பேசியிருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம். அன்றிலிருந்து துணி முதலில் நிறம் அளக்கிற மெஷினுக்குப் போகிறது, அப்புறம்தான் அவரிடம் வருகிறது, யாரும் எதுவும் சொல்லவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. புது ட்யூப்பும் போட்டார்கள். புது ட்யூப்பிலும் நேவி கறுப்பாகத்தான் இருந்தது.

கண்புரையாக இருக்கலாமே. எல்லோருக்கும் வருகிறதுதானே புரை, அதற்கெல்லாம் இப்போது காலையில் போய் மதியம் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். புரையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனுஷன் புரைக்காக வேண்டிக்கொள்கிறான். புரையா மற்றதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது என்று டாக்டர் அறையில் காத்திருந்தபோது யாரோ சொன்னார்கள், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் நேரே ஒன்றைப் பார்க்க வேண்டுமாம், ஓரம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டுமாம். இத்தனை நாளில் அவர் ஒரு கண்ணை மட்டும் மூடினதே கிடையாது. கொசு விழுந்தால்கூட இரண்டையும் சேர்த்துத்தான் கசக்குவார். இப்போது வசந்தாமணி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைச் சொறிகிற மாதிரி வலது கையைத் தூக்கினார். புருவத்துக்கு மேலே கை கொஞ்ச நேரம் நின்றது. எதிர்ச் சுவரில் மகள் கல்யாணத்துப் படம், குடும்பமே நிற்கிறது, நடுவில் மகளும் மாப்பிள்ளையும், ஓரத்தில் சம்பந்தி வீட்டாரும். மகளின் நெற்றிப் பொட்டைப் பார்த்தபடியே கையை இறக்கி வலது கண்ணைப் பொத்தினார். பொட்டு தெரிந்தது. மகள் தெரிந்தாள். மாப்பிள்ளை தெரிந்தார். சம்பந்தி வீட்டார் யாரையும் காணோம். இருட்டாகக்கூட இல்லை, கறுப்பு விழுந்த மாதிரிக்கூட இல்லை, அங்கே வெறும் சுவர் மாதிரி ஏதோ ஒன்று, அவர்கள் கல்யாணத்துக்கே வரவில்லை என்கிற மாதிரி. கையைத் தூக்கிவிட்டார். சம்பந்தி பழையபடி பட்டு வேட்டியோடு நின்றார். கை நிழல். கை நிழல் மறைத்திருக்கும், விரலை அகட்டி வைத்தோம், ஒழுங்காக வைக்கவில்லை. மறுபடி வைத்துப் பார்த்தால் சரியாகிவிடும். மறுபடி வைத்துப் பார்க்கவில்லை. மீட்டர் வரட்டும். அது மெஷின், அதற்குப் பயம் கிடையாது, ஒத்துப் பாடாது. பத்தவில்லை என்று அது ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஷேடு மாறினதையும் படியையும் சம்பந்தியையும் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு இரண்டு விளக்கல்ல, நாலு விளக்கு வாங்குவார். சாமி, பத்தாமல் இருக்கட்டும்.

கேட் சத்தம் கேட்டது. ஜெபராஜ் உள்ளே வந்ததும் கையை நெற்றியில் வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டதை நாச்சிமுத்து பார்த்தார். அதற்கு வணக்கம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, “வாங்க தம்பி” என்றார். நீளக் கோலின் முனையில் பொத்தான் மாதிரி ஒன்று, அதிலிருந்து ஒயர் வந்து கையடக்கப் பெட்டியில் சேர்ந்தது. அவன் ஏணி போட்டு ஏறிக் கோலைத் தண்ணீருக்குள் விட்டான். கொம்புப் பவளத்தின் பக்கத்தில் நிறுத்திப் பெட்டியைப் பார்த்தான். விரல் பவளத்துக்கு இறக்கினான். மணல்வரை இறக்கினான். ஒவ்வொரு இடத்திலும் அவன் முகத்தைப் படிக்க முயன்றார் நாச்சிமுத்து, விளக்குக்குப் பின்னால் இருந்ததால் முகம் பிடிபடவில்லை.

“எவ்வளவு?”

“சார், இது மொட்டை மாடி வெயில் சார்” என்றான் ஜெபராஜ். “மேல எழுநூத்துக்கு மேல காட்டுது. முந்நூறு தாராளம். மணல்லயே முந்நூறு இருக்கு, காளானுக்கு அதுல கால்வாசி போதும்.”

“உங்க மீட்டரு கொச்சிக்குப் போய்ட்டு வந்துச்சே, அடிகிடி பட்டிருக்கும்.”

“இல்ல சார், காலையில கடையில வெச்சுப் பாத்தேன். சரியா இருக்கு.”

“இன்னொருக்கா வைங்க.”

வைத்தான். அதேதான். “ஒருவேளை அந்த இடத்துல மட்டும் குவிஞ்சு விழுகுதோ என்னமோ. தள்ளி வைங்க தம்பி. இன்னும் தள்ளி. ஓரத்துல.” ஓரத்தில் வைத்தான். ஓரத்திலும் வேண்டியதற்கு மேலேயே இருந்தது. நாச்சிமுத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஜெபராஜ் ஏணியில் நின்றபடியே கீழே குனிந்து, கொம்புப் பவளத்தைக் காட்டினான். “வெளுத்திருச்சே சார். பாக்கலையா? நுனி மட்டும்னா வளர்ச்சின்னு விட்டுரலாம், இது பாதித் தண்டு வரைக்கும் பாலு மாதிரி இருக்கே. நாலஞ்சு நாள் ஆயிருக்கும்.” தயங்கினான். “இன்னும் சதை இருக்கு, சாகல. இன்னைக்கே குறைச்சோம்னா திரும்பிரும். இப்படியே விட்டா இந்த வாரம் தாங்காது.”

பாக்கலையா என்று அவன் கேட்டது குத்திக்காட்டல் அல்ல, சும்மா கேட்டது. வசந்தாமணி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள். “அழகா இருக்குதுன்னு நானும் விட்டுட்டனுங்க. வெள்ளி மாதிரி மின்னுச்சா, புதுசா ஏதோ பூத்திருக்குதுன்னு நெனச்சேன்” என்றாள். நாச்சிமுத்து போனை எடுத்தார். அளவு கூட்டுகிற கோட்டில் விரலை வைத்தார். இதைக் கீழே இழுத்தால் தனக்கு இந்தத் தொட்டி இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. இழுக்காவிட்டால் தொட்டியில் உயிரே இல்லை. விளக்கு விற்கிறவனே வேண்டாம் என்கிறான், மீட்டர் வேண்டாம் என்கிறது, பவளம் வாயில்லாமல் வெளுத்து நின்று வேண்டாம் என்கிறது. நான் மட்டும் பத்தலை பத்தலை என்று இதன் தலையில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இழுத்தார். விரல் பவளத்தின் அசைவு போயிற்று. மணல் போயிற்று. கொம்பின் வெள்ளை மட்டும் கொஞ்ச நேரம் நின்று, மங்கி, அதுவும் அங்கே இருக்கிறது என்று தெரிந்ததால் இருக்கிற மாதிரி இருந்தது. “அவ்வளவுதான் சார், நிறுத்துங்க” என்றான் ஜெபராஜ். “ரெண்டு லென்ஸ் லைட்டக் கழட்டிருவோம். இந்தத் தொட்டிக்கு உங்க பேனலே போதும், அதும் பாதியில எரிஞ்சா போதும். மொதல்ல வாங்குனீங்களே, அதுவே சரியான லைட்டு.” விளக்கைக் கழற்றித் துணியில் சுற்றி ஓரமாக வைத்தான். ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

“இப்பத்தானுங் மாமா கண்ணுக்கு இதமா இருக்குது” என்றாள் வசந்தாமணி. தொட்டிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள், வெகுநாளைக்கு அப்புறம். “அட, இங்க பாருங்க, அந்த மஞ்ச மீனு வெளிய வந்துருச்சு! கூசிக்கிட்டு உள்ளயே கெடந்திருக்குது பாவம்.”

அவர் பார்த்தார். இருட்டுத் தண்ணீர் லேசாக ஆடியது.

“பாத்தீங்களா?”

ஆமா என்று சொல்லிவிடலாம். எத்தனையோ ஆமா சொல்லியாகிவிட்டது, நிலா பார்த்தீர்களா ஆமா, அங்கே யார் போகிறார்கள் தெரிகிறதா ஆமா. “எங்க?” என்றார்.

“அதா, உங்க மூஞ்சிக்குப் பக்கத்துலதானுங்க. கண்ணாடிய ஒட்டி நிக்குது.”

“வசந்தா” என்றார். “எனக்கு மீனு தெரியல. கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது. கொஞ்ச நாளாவே. ரொம்ப நாளாவே.”

அவள் திரும்பவில்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், “அவிநாசி மாமாவுக்காட்டவா?” என்று கேட்டாள்.

“தெரியல. பயமா இருக்குது.”

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. எழுந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தார், அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “டாக்டரு எட்டு மணி வரைக்கும் பாப்பாருங்க. எந்திரிங்க.”

“நாளைக்குப் போலாம். இருட்டாகப் போகுது.”

“இன்னைக்கே போலாமுங்க.” உள்ளே போய்ப் பையோடு வந்தாள். லைசென்ஸ் எடுத்து ஏழெட்டு வருஷமாகிறது, கோயிலுக்கும் மகள் வீட்டுக்கும் தனியாக ஓட்டிப் போவாள். அவர் வண்டிக்குள் இருக்கும்போது ஒருநாளும் ஓட்ட விட்டதில்லை, பொம்பளை ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து போவதா என்று. சட்டைப் பையில் கை விட்டுக் கார் சாவியை எடுத்தார். அவள் கேட்கவில்லை. அவராகத்தான் நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

வாசலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் போர்ட்டிகோ விளக்கைப் போட்டுவிட்டு, இதுவும் பத்தவில்லை என்று முனகியிருப்பார். நிலைப்படியைத் தாண்டும்போது அவள் முழங்கையைத் தொட்டாள். “படி இருக்குதுங் மாமா.”

“எனக்குத் தெரியாதா? நான் கட்டுன வீடு” என்று எரிந்து விழுந்தார். காலைத் தூக்கியவர் வைக்கவில்லை. கால் விரலால் துழாவி, படி அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு இறங்கினார்.